தர்ட்டி என்ற பதிலும் ஒரு வெந்நீர்த் தொட்டியும்

புதிதாக வரும் உங்கள் இருவருக்கும்,

நான் இடையில் நிறுத்திய இலக்கியப் படிப்பைத் தொடரப் போகிறேன். என் மேசை உங்களுக்கு வருகிறது. அந்த மேசையில் அமர்ந்திருக்கும் நேரம் குறைவு என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வீர்கள். வயரிங் ஆட்கள் போவதற்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாக வரும் சாமானை அந்த வீட்டின் மின்சாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் அதை வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அலுவிகாரையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் கடைக்காரரிடமும், கலேவெலயில் தோட்டத்துக்குப் பம்ப் பொருத்திப் பூட்டும் விவசாயியிடமும் இதே வேலைதான்.

அளப்பதை வயரிங் செய்யும் சிவா அண்ணன் கற்றுத் தருவார். அதில் நான் தலையிட விரும்பவில்லை. அளந்து முடித்த பிறகு, எல்லோரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சில நிமிடங்கள் வரும். அவற்றைப் பற்றி ஒரேயொரு வீட்டின் கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். தொலைபேசியில் நீங்கள், "உங்கள் வீட்டுக் கரண்ட் எத்தனை அம்பியர்?" என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேர் யோசிக்காமல் "தர்ட்டி" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சாதாரண வீட்டுக்கு ஒரே லைனில் வரும் முப்பது அம்பியரும் தர்ட்டிதான். த்ரீ பேஸ் வீட்டுக்கு மூன்று லைன்களில் வரும் முப்பது முப்பதும் தர்ட்டிதான். இரண்டாவது, முதலாவதைப் போல மூன்று மடங்கு. ஒரு சொல் இரு பொருள் தருவதை இலக்கிய வகுப்பில் சிலேடை என்று ரசிக்கலாம். மீட்டர் பெட்டியின் முன்னால் அதை ரசிக்க முடியாது.

பாரூக் நானா (அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்) தொலைபேசியில் தர்ட்டி என்றுதான் சொல்லியிருந்தார். மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் இருக்கும் தன் வீட்டின் மேல்மாடியை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் சுடுதண்ணீர் ஷவர். மாடியின் திறந்த பகுதியில், மலையைப் பார்த்தபடி ஒரு ஹொட் டப். ஐந்து பேர் அமர்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டே வெந்நீரில் இருக்கலாம் என்று தன் விளம்பரப் படத்தின் கீழே எழுதியிருந்தார். அன்று மாலை கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் அதற்காகவே வருவதாக இருந்தது.

நாங்கள் போனபோது தொட்டி ஏற்கனவே நிரம்பியிருந்தது. பச்சைத் தண்ணீரின் மேல் மெல்லிய பனி நின்றது. சிவா அண்ணன் கேபிள் சுருளைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பாஸ், பகலுக்குள்ள கரண்ட குடுத்துடுங்க. தண்ணி சுட நேரம் எடுக்கும்," என்றார் நானா. வயரிங் செய்பவரை இங்கே எல்லோரும் பாஸ் என்றுதான் அழைப்பார்கள்.

சிவா அண்ணன் மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஒரே லைனுங்க."

தொட்டிக்கு மட்டும் இருபத்தைந்து அம்பியர் வேண்டும். மீதி ஐந்து. தொட்டியிலிருந்து எழுந்து வரும் ஒருவர் ஷவரைத் திறந்தால் அந்தக் கணமே வீடு முழுவதும் நின்றுபோகும். நின்றால் அதிர்ஷ்டம், நிற்காமல் எங்காவது வயர் சூடேறினால் அது வேறு கதை. இதை நான் நானாவிடம் எளிமையாகவே சொன்னேன். அவர் முகம் மெல்ல இறுகியது.

"நான் உங்கள்ட்ட பொய்யா சென்னேன், மகள்?"

"இல்ல நானா. நீங்க சொன்னது சரிதான்."

"வளைவுல இறங்குற எடத்துல ஒரு வீடு ஈக்கி. அவனும் தர்ட்டிதான். ஏசி போட்டுத் தூங்குறான்." இருக்கிறது என்பதை அந்த வீட்டில் ஈக்கி என்பார்கள்.

"அவருக்கு மூணு லைனா இருக்கும், நானா. உங்களுக்கு ஒண்ணு."

"தர்ட்டின்டா தர்ட்டிதானே," என்றார் அவர். அந்தக் குரலில் கோபத்தைவிட, ஏமாற்றப்பட்டவரின் குழப்பமே அதிகம் இருந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை என்பதுதான் சிக்கல்.

சமையலறை வாசலில் அவருடைய மனைவி ஹாஜரா ஆன்ட்டி தேநீர்த் தட்டுடன் நின்றிருந்தார். எங்களுக்குத் தேநீர் தர வந்தவர், தராமலே நின்றுவிட்டார். அதை நான் கவனித்தேன். அதற்குப் பொருள் இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் குடுங்க," என்றார் நானா. "வாரவங்க போகட்டும். நாளைக்கே த்ரீ பேஸுக்கு எழுதிக் குடுக்கிறேன். ஷவரத் தொறக்காம வெக்கிறேன். வேற என்ன செய்யணும்?"

இந்த இடத்தில்தான் உங்கள் மீதும் அழுத்தம் விழும். வீட்டுக்காரர் நல்லவராக இருப்பார், அவர் கேட்பது ஒரு மாலைப் பொழுதாக மட்டும் இருக்கும், மறுப்பதற்கு உங்களிடம் ஒரு எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணை அவரும் காணும்படி செய்வதே நல்லது என்று நினைத்தேன். வீடு இப்போது எவ்வளவு எடுக்கிறது என்று அவர் கண் முன்னாலேயே அளப்போம் என்றேன்.

சிவா அண்ணன் வயரைக் கவ்வி அளக்கும் மீட்டரை மெயின் சுவிட்சுக்கு அருகே போட்டார். பலகையிலிருந்த சிறிய சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். விளக்கு, பம்ப், மாடி, சமையலறை. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. வீட்டில் எதுவும் ஓடவில்லை.

மீட்டரில் பூச்சியம் வரவில்லை. ஒன்றரை அம்பியர் காட்டியது. அப்படியே நின்றது.

சிவா அண்ணன் மீட்டரை எடுத்து, மறுபடி கவ்வ வைத்தார். ஒன்றரை. அவருக்கு இதில் இருபது வருடப் பழக்கம். மனதில் தோன்றியதை நாக்கு முந்திக்கொண்டது.

"நானா, வீட்டுல எல்லாம் நின்னிருக்கு. ஆனா யாரோ உங்க கரண்ட்ட எடுக்கிறாங்க."

நீங்கள் ஒருபோதும் சொல்லக்கூடாத வாக்கியம் இது. மீட்டர் காட்டியது ஓர் அளவை. 'யாரோ' என்பதும், 'எடுக்கிறாங்க' என்பதும் மீட்டரில் இல்லை. சிவா அண்ணனே பின்னர் அதைப் பலமுறை சொல்லி வருந்தினார். ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

"கள்ள லைனா?" என்றார் நானா. பிறகு அவருக்கு ஒரு வழி தெரிந்தது. எவருக்கும் தெரியக்கூடிய வழிதான். "மெயின நிப்பாட்டினா எவன்ட வீட்டுல நிக்கிதுண்டு தெரியுமே."

அவர் கை மெயின் சுவிட்சுக்குப் போனது.

அப்போது தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. ஹாஜரா ஆன்ட்டி ஓர் அடி முன்னால் வந்திருந்தார். அவர் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பேச முடியாத ஒருவர் கேட்கும் கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுவிட்சை அணைத்தால் வெறும் விளக்கு அணைவதோடு முடியாது என்பது தெரிந்தது.

"நானா, கை வைக்காதீங்க," என்றேன்.

"ஏன்?"

எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. அது உண்மையானதாகவும் இருக்க வேண்டும். பொய் சொல்லி வாங்கும் நேரம் கொஞ்ச நேரத்தில் உங்களிடமே திரும்பி வரும்.

"நிப்பாட்டிட்டா வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு அளந்து போக முடியாது. ஓடுற லைனத்தான் தேட முடியும். எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. அதுவரைக்கும் அதத் தொடாதீங்க."

அவர் கையை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. சிவா அண்ணன் தன் தவறை உணர்ந்தவராக நானாவின் கையருகே வந்து, பலகையை ஆராய்வது போல நின்றுகொண்டார்.

"ஆன்ட்டி, சமையலறைப் பக்கம் வயரப் பார்க்கணும். காட்டுறீங்களா?" என்றேன்.

சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்ததும் அவர் தட்டை வைத்தார். மெயினுக்கும் சிறிய சுவிட்சுகளுக்கும் இடையிலேயே பிரித்தெடுத்த ஒரு கறுப்பு வயர் கூரையின் கீழிருந்து இறங்கி, மிளகுக் கொடிகளுக்குள் மறைந்தது.

"நான்தான் குடுத்தேன், மகள்," என்றார். "அவருக்குத் தெரியா."

கீழே ஓடைக்கு அருகில் நானாவின் மூத்த சகோதரி இருந்தார். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். அவருக்கு நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஓடைப் பக்கம் போகும் மின்கம்பி லைனில் அவர் வீடே கடைசி. அங்கே போய்ச் சேரும் கரண்ட் மிகவும் மெலிந்தது. வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் மெஷின் கத்தி நின்றுவிடும். மேல் வீட்டுக்குக் கரண்ட் வலுவாக வரும். நானா ஊரில் இல்லாத ஒரு நாளில் ஹாஜரா ஆன்ட்டி பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அழைத்து, மெஷினுக்கு மட்டும் இந்த வயரை இழுத்துக் கொடுத்துவிட்டார்.

"அவர்ட்ட கேட்டிருக்கலாமே?"

"காணிச் சண்டையில வேலி வெட்டுன நாள்லேந்து ரெண்டு பேரும் பேச்சில்ல. கேட்டா இல்லண்டு செல்லமாட்டார். ஆனா ராத்தா கேட்டனுப்பினாளாண்டு கேப்பார். அவ கேட்டனுப்பல்ல. கேக்கவும் மாட்டா."

"மெஷின் நின்னா சிலிண்டர் இருக்கா?"

"நெரப்ப டவுனுக்கு அனுப்பி ஈக்கி. பஸ் இன்னும் வரல்ல."

மேலே, ஒரு சுவருக்கு அப்பால், ஒரு கை மெயின் சுவிட்சின் மீது இருந்தது.

கற்படிகளில் நாங்கள் வேகமாக இறங்கினோம். மெஷினின் சீரான மூச்சொலி வாசலுக்கு வருமுன்பே கேட்டது. ராத்தா சாய்வு நாற்காலியில் இருந்தார், மூக்கில் குழாய். என்னைப் பார்த்து யாரென்று கேட்கவில்லை.

"மேல தொட்டி பூட்ட வந்த புள்ளையா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காற்றுக்காக நின்றார். "அவன் பாத்ரூம மாடில வெச்சிட்டானாமே. செவரு கட்ட கல்லு இல்லியா?"

ஹாஜரா ஆன்ட்டி சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வயரையும் இணைப்பையும் பார்த்தேன். ஒன்றரை அம்பியர் இங்கேதான் இருந்தது.

"இந்த லைன் மேல் வீட்டுலேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? தம்பிதான் தந்தான். பேசமாட்டான்; மூஞ்சப் பாக்கமாட்டான். ஆனா கரண்ட் தந்தான்." மெஷினைத் தலையசைத்துக் காட்டினார். "இது சத்தம் போடக்குள்ள, அவன்தான் பேசுறாண்டு நெனப்பேன்."

ஹாஜரா ஆன்ட்டி நிலத்தைப் பார்த்தார். அவர் கணவருக்குத் தெரியாமல் ஒரு வயரையும், தம்பி தந்தான் என்று நாத்தனாரிடம் ஒரு சொல்லையும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். இரண்டும் ஒரே இணைப்பில் தொங்கின.

திரும்பி ஏறும்போது நான் யோசித்தது இதைத்தான். தொட்டியைப் பூட்ட மறுத்துவிட்டு, வயரைப் பற்றி எதுவும் சொல்லாமல் போகலாம். ஆனால் நானா அதைத் தேடுவார். நாங்கள் இறங்கிப் போனதும் மெயினை அணைப்பார். அல்லது நாளை வேறு ஒருவர் வந்து தொட்டியைப் பூட்டுவார். விருந்தினர் ஷவரைத் திறக்கும்போதெல்லாம் கீழே ஒரு மூச்சு நிற்கும், மாடியில் எவருக்கும் காரணம் தெரியாது. உண்மை அந்த வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். நான் அதைச் சொன்னால் அது ஹாஜரா ஆன்ட்டியின் மேல் ஒரு குற்றச்சாட்டாகிவிடும்.

"நீங்க சொல்லணும், ஆன்ட்டி."

"எனக்கு ஏலா. வாய் வராது."

"நான் அவர்ட்ட ஒரு கேள்வி கேட்கிறேன். பதில் தெரிஞ்சவங்க சொல்லலாம். யாரும் சொல்லலைன்னா நான் சொல்லித்தான் ஆகணும். மெஷின நிக்க விட மாட்டேன்."

நானா நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றார். சிவா அண்ணன் வியர்த்திருந்தார்.

"கண்டு பிடிச்சியா, மகள்? எவன்?"

"சொல்றேன் நானா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். எந்த வீட்டுலயும் மெயின நிப்பாட்ட முன்னாடி கேட்க வேண்டியது. நான் வந்ததும் கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். இந்த லைன்ல, நிக்கவே கூடாதது ஏதாவது ஓடுதா?"

"என்ட வீட்டுலயா? ஒண்டுமில்ல. நிப்பாட்டுங்க."

மாடியிலிருந்து தொட்டித் தண்ணீர் விளிம்பில் தளும்பும் ஒலி மட்டும் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"ஈக்கி," என்றார் ஹாஜரா ஆன்ட்டி.

நானா திரும்பினார்.

"ராத்தாட மெஷின்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நானா மனைவியைப் பார்த்தார், பின்வாசலைப் பார்த்தார், மிளகுக் கொடிகளுக்கு அப்பால் இருந்த, வேலி வெட்டிய நாளிலிருந்து அவர் பார்க்காத அந்தக் கூரையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அது இன்னும் சுவிட்சின் மீதே இருந்தது. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல அதை எடுத்தார்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அது எவ்வளவு எடுக்குது?"

"ஒன்றரை, நானா."

"தொட்டி?"

"இருபத்தஞ்சு."

கணக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது. வியாபாரி, இரண்டு எண்களை அருகருகே வைத்தால் போதும்.

"ராத்தா ஏதாச்சும் செல்லிச்சா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஹாஜரா ஆன்ட்டி காத்திருந்தார். கேட்டதை மாற்றாமல் சொல்வதே என் வேலை என்று தீர்மானித்தேன்.

"'பேசமாட்டான், மூஞ்சப் பாக்கமாட்டான். ஆனா கரண்ட் தந்தான்' என்றாங்க."

அவர் மாடிக்கு ஏறினார். கொழும்புக் குடும்பத்தோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. அறை இருக்கிறது, மலை இருக்கிறது, தொட்டி மட்டும் இல்லை என்றார். எதிர்முனையில் நிறையப் பேசினார்கள் போலும், "இல்ல, தண்ணி ஈக்கி, சூடு இல்ல" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"இனி அதுல மீன்தான் வளக்கலாம்," என்று சிவா அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். அன்று அவர் பேசியவற்றில் யாருக்கும் தீங்கு செய்யாத வாக்கியம் அது ஒன்றுதான் என்றேன்.

கூரையின் கீழ் அந்த இணைப்பு வெறும் டேப் சுற்றி மழையில் நனையும்படி இருந்தது. ஒரு வீட்டுக் கரண்டை இன்னொரு வீட்டுக்கு இழுப்பதற்கு அனுமதி இல்லை என்பதை நானாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்கே அதை வெட்டவும் முடியாது. டவுன் பஸ்ஸில் சிலிண்டர் வந்து சேர்ந்த பிறகு, அதிலிருந்து ராத்தாவுக்குக் காற்றுப் போன நேரத்தில், சிவா அண்ணன் இணைப்பைப் பாதுகாப்பாக மாற்றி, கசிவு வந்தால் தானே அணையும் தனி ட்ரிப் சுவிட்ச் ஒன்றையும் வைத்தார். மேல் வீட்டுக்கு த்ரீ பேஸ், கீழ் வீட்டு லைனுக்கு நல்ல வோல்டேஜ் என்று இரண்டு விண்ணப்பங்களையும் நானாவே மின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

மேல் வீட்டு வேலைதான் முதலில் வந்தது. புதிய லைனுக்கு மாற்ற மெயினை நிறுத்த வேண்டிய நாளில் நாங்கள் மறுபடி அங்கே நின்றோம். இம்முறை வாசலில் செருப்பைக் கழற்றியதுமே, நிற்கக்கூடாதது ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஈக்கி," என்றார் நானா. "பொறுங்க. நான் செல்லும் வரைக்கும் தொட வேணாம்."

நிறைந்த சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு கற்படிகளில் இறங்கினார். மிளகுக் கொடிகளுக்குள் அவர் தலை மறைந்தது. சிவா அண்ணன் சுவிட்சுக்கு அருகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை அவ்வளவு பொறுமையாக நான் பார்த்ததில்லை. ஹாஜரா ஆன்ட்டி தேநீர் கொடுத்தார். குடித்து முடித்தும் கீழிருந்து குரல் வரவில்லை.

என் கைப்பேசி ஒலித்தது.

"சிலிண்டர் மாத்தியாச்சி," என்றார் நானா. "மூக்குல காத்து வருதாம். இப்ப நிப்பாட்டுங்க. நான் இங்கதான் ஈக்கிறேன்."

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தத் தொட்டிக்கு... செவரு... கட்டினியா, இல்லியா?"

நான் சிவா அண்ணனுக்குத் தலையசைத்தேன். அவர் மெயினை அணைத்தார்.